மினியேச்சர் கன்வர்ஷன்: முதல் வெட்டுக்கு முன்னும் பின்னும் எழும் கேள்விகள்

மேசையில் ஆடும் ஃபேன்டஸி விளையாட்டுகளுக்கு வரும் 28 மில்லிமீட்டர் உருவங்களை அப்படியே ஒட்டிப் பெயின்ட் அடிப்பதோடு நிறுத்தாமல், வெட்டி, மாற்றி, தனக்கென ஓர் ஆளை உருவாக்குவதைத்தான் கன்வர்ஷன் என்கிறோம். புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஃப்ராஸ்ட்கிரேவ் விளையாட்டிலிருந்து. 2015-இல் ஆஸ்பிரே வெளியிட்ட இந்த விளையாட்டில் ஒரு மந்திரவாதி, ஒரு சீடர், அதிகபட்சம் எட்டு கூலி வீரர்கள், அவ்வளவுதான் ஓர் அணி. எந்த நிறுவனத்தின் உருவத்தையும் வைத்து ஆடலாம். பத்தே பேர் என்பதால் ஒவ்வொருவருக்கும் நேரம் ஒதுக்கலாம். கன்வர்ஷன் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஓவியம் வராது. களிமண்ணில்கூட எதுவும் செய்ததில்லை. என்னால் முடியுமா?

முடியும். முதல் ஒரு வருடம் நீங்கள் செய்யப்போவது சிற்பம் இல்லை. ஏற்கெனவே நல்ல சிற்பி செய்து கொடுத்த தலை, கை, வாள், மூட்டை ஆகியவற்றை இடம் மாற்றி ஒட்டப்போகிறீர்கள். இரண்டு மூன்று கிட்களின் பாகங்களைக் கலந்து ஒன்றாக்குவதற்குக் கிட்பாஷ் என்று பெயர். அதற்குத் தேவை பொறுமையும் கூர்மையான கத்தியும். புட்டி வேலை, அதாவது பிசைந்து ஒட்டினால் இறுகும் கலவையால் இடைவெளி அடைப்பது, பிறகு தானாக வரும், கழுத்தில் ஒரு இடைவெளியை அடைக்க வேண்டியிருக்கும் அன்றைக்கு.

முதல் கன்வர்ஷனுக்கு எந்த மாதிரி உருவம் வாங்கலாம்?

கடினமான பிளாஸ்டிக், அதாவது பாலிஸ்டைரீன். சட்டத்தில் பாகங்கள் கோத்து வரும் கிட். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். ஃப்ராஸ்ட்கிரேவ் வீரர்கள் பெட்டி ஒன்றில் 20 பேர் செய்யலாம். தலையும் கையும் தனித்தனியாக, தேவைக்கு அதிகமாகவே இருக்கும். பாலிஸ்டைரீன் கத்திக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும், அரத்துக்கு அழகாகத் தேயும், பிளாஸ்டிக் சிமென்டில் ஒன்றோடொன்று உருகிச் சேரும்.

மற்ற மூன்று வகையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலோக மினி வெட்டக் கஷ்டம், கனம் அதிகம், கம்பி வைத்துத்தான் இணைக்க வேண்டும். ரெசினில் நுணுக்கம் பிரமாதமாக இருக்கும், ஆனால் தேய்க்கும்போது வரும் தூசி உடம்புக்கு ஆகாது. ஒட்டும் முன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லையென்றால் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை பெயின்ட்டைப் பிடிக்கவிடாது. ரீப்பர் போன்ஸ் மாதிரி வளையும் பிளாஸ்டிக் உருவங்கள் மலிவு. ஆனால் அரம் போட்டால் தேயாமல் நார் நாராகப் பிசிறு வரும், பிளாஸ்டிக் சிமென்டும் அவற்றில் வேலை செய்யாது. அவற்றின் வாள் வளைந்திருந்தால் சூடான தண்ணீரில் முக்கி நிமிர்த்தி, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். அப்படியே நின்றுவிடும்.

எவ்வளவு கருவி வாங்க வேண்டும்?

ஆரம்பத்துக்கு ஐந்து: 11-ஆம் எண் பிளேடு போடும் கத்தி, பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து வெட்ட ஒரு நிப்பர், ஊசி அரம் ஒரு செட், கையால் சுற்றும் சின்ன டிரில், அதற்கு 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் பிட். ஊசி அரத்தையும் கை டிரில்லையும் ஹாபி கடையில் தேடி அலைய வேண்டாம். நகைப் பட்டறைக்காரர்கள் கருவி வாங்கும் கடையில் இரண்டுமே கிடைக்கும், விலையும் குறைவு. உப்புத்தாள் 400, 800 நம்பரில் ஒவ்வொன்று. நல்ல நிப்பருக்கும் பிளேடுக்கும் மட்டும் காசு பார்க்காதீர்கள். மழுங்கிய பிளேடுதான் கையை வெட்டும். அழுத்தம் அதிகம் கொடுக்கிறோம், அது நழுவுகிறது. நான் இரண்டு உருவத்துக்கு ஒரு பிளேடு என்று கணக்கு வைத்து மாற்றுகிறேன்.

எந்த இடத்துக்கு எந்தப் பசை?

பாலிஸ்டைரீனோடு பாலிஸ்டைரீன் சேர வேண்டுமென்றால் பிளாஸ்டிக் சிமென்ட். டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணீர் போல ஓடும் வகை நல்லது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் பிரஷ்ஷால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும். இது பசையே இல்லை. பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து ஒன்றாக்குகிறது. காய்ந்த பிறகு இழுத்தால் ஒட்டிய இடம் விடாது, பக்கத்து இடம் வேண்டுமானால் உடையும்.

மற்ற எல்லாவற்றுக்கும் சூப்பர் குளூ. வீட்டில் இருக்கும் ஃபெவிக்விக்கும் அதே வகைதான். ஒரு துளியை டைல் துண்டில் விட்டு, பல்குச்சி முனையால் தொட்டு எடுத்து வையுங்கள். குழாயிலிருந்து நேராக மினிமேல் விட்டால் முகத்தின் நுணுக்கம் எல்லாம் மூழ்கிவிடும். அடித்தளத்தில் மணல் ஒட்ட ஃபெவிக்கால் போதும்.

முதலில் எதை மாற்றுவது?

தலை. தயங்கவே வேண்டாம். நம் கண் முதலில் போவது முகத்துக்குத்தான், அதனால் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகமாக மாறுவது அங்கேதான்.

ஒரு தலை மாற்றத்தை அருகிலிருந்து பார்ப்போம். வில்லாளி உடல், வேறொரு கிட்டிலிருந்து முக்காடு போட்ட தலை. 28 மில்லிமீட்டர் உருவத்தின் தலை ஏறக்குறைய ஓர் உளுந்து அளவுதான் இருக்கும், அதனால் ஸ்ப்ரூவிலிருந்து முழுதாகப் பிரிக்காமல் ஒரு சின்ன கைப்பிடி மாதிரி கொஞ்சம் ஸ்ப்ரூவை விட்டே வெட்டுங்கள். இப்போது கழுத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். புதுத் தலையின் கழுத்து நீளமாக இருக்கும், அல்லது உடலில் உள்ள குழி ஆழம் பற்றாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும்: கழுத்தைச் சுற்றிச் சீவி ஒரு உருண்டை முனை ஆக்குங்கள், குழியில் பெரிய டிரில் பிட்டை விரலால் சுற்றி ஒரு மில்லிமீட்டர் ஆழமாக்குங்கள். உருண்டை முனையும் குழியும் சேர்ந்தால் தலையை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம்.

அப்புறம் ஒட்டாதீர்கள். குழிக்குள் கடுகளவு புளூ டாக் (ஒட்டி, திரும்ப எடுத்துவிடக்கூடிய பசை) வைத்துத் தலையைச் செருகி, மேசையில் நிறுத்தி, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கழுத்து நீண்டு தெரிகிறதா? பத்துக்கு எட்டு தலை மாற்றங்கள் கெட்டுப்போவது இதில்தான். முக்காடோ தாடியோ கிட்டத்தட்ட மார்பைத் தொட வேண்டும். இன்னும் கொஞ்சம் சீவுங்கள். பிறகு தலையைப் பத்து டிகிரி திருப்புங்கள். வில் ஒரு பக்கம் நீள, கண் வேறு பக்கம் பார்த்தால், அந்த ஆளுக்கு ஏதோ சத்தம் கேட்டுவிட்டது என்று தோன்றும். இந்தப் பத்து டிகிரிக்காகவே நான் கன்வர்ஷன் செய்கிறேன்.

தலையை மாற்றினேன், கையை மாற்றினேன், முதுகில் நிறைய மூட்டை ஒட்டினேன். ஆனாலும் உருவம் குழப்பமாகவே இருக்கிறதே?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம், கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கத்தியை எடுக்கும் முன் அந்த ஆள் யார், இந்த நிமிடம் என்ன செய்கிறான் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். "திருடன், பனி மூடிய கோபுரத்தில் கதவுக்குப் பின்னால் காது கொடுத்து நிற்கிறான்." இந்த வாக்கியத்துக்கு உதவாத எதையும் ஒட்டாதீர்கள். கதவில் காது வைப்பவன் முதுகில் மூன்று வாள் வேண்டாம்.

நான் முதலில் செய்த திருடன் அப்படித்தான் கெட்டான். கையில் கிடைத்த பை, கயிறு, கத்தி எல்லாம் ஒட்டினேன். பெயின்ட் அடித்த பிறகு மேசையில் பார்த்தால் ஒரு பழுப்பு மூட்டை நிற்கிறது, ஆள் இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். வில் பிடித்த கையில் வில்லை மட்டும் முஷ்டிக்கு மேலும் கீழும் வெட்டி எடுத்தேன். மிஞ்சிய முஷ்டியில் 0.8 மில்லிமீட்டர் துளை போட்டு ஒரு கம்பி செருகினேன். கம்பி முனையில் ஒரு லாந்தர்: 3 மில்லிமீட்டர் சதுரக் குச்சித் துண்டு, மேலே ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கூம்பு, வளையத்துக்குப் பழைய மின்சார ஒயரின் ஒரு செம்பு இழை. மற்ற கை மார்போடு ஒட்டி இருக்கட்டும் என்று மணிக்கட்டைத் திருப்பினேன். அவ்வளவுதான், வேறு எதுவும் சேர்க்கவில்லை. இப்போது மூன்றடி தூரத்திலிருந்தே விளக்கு ஏந்தி இருட்டில் நடக்கும் ஆள் என்று தெரிகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: டார்ச் வெளிச்சத்தில் உருவத்தின் நிழலைச் சுவரில் விழச் செய்யுங்கள். நிழலைப் பார்த்தே என்ன செய்கிறான் என்று சொல்ல முடிந்தால் போஸ் சரி.

கிரீன் ஸ்டஃப் என்கிறார்களே, அது என்ன?

நீலம், மஞ்சள் என்று இரண்டு பட்டையாக வரும் எபாக்சி புட்டி. நீடடைட் என்பது அதன் வணிகப் பெயர். இரண்டையும் சம அளவு எடுத்து, கோடு தெரியாமல் ஒரே பச்சையாகும் வரை பிசைய வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வேலை செய்யலாம், ஓர் இரவு விட்டால் முழுதாக இறுகும். மஞ்சள் கூடினால் மென்மையாகவும் இழுவையாகவும் இருக்கும், நீலம் கூடினால் கடினமாக இறுகும். பட்டையில் இரண்டு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு ஏற்கெனவே லேசாக இறுகியிருக்கும், அந்த 2 மில்லிமீட்டரை வெட்டி எறியுங்கள். எறியாமல் பிசைந்தால் உள்ளே மணல் மாதிரி கட்டி கட்டியாக வரும், அதற்குப் பிறகு எடுக்கவே முடியாது.

பிசைந்தவுடன் சூயிங்கம் மாதிரி ஒட்டும், இழுத்த இடத்துக்கே திரும்பி ஓடும். பலரும் இந்த நேரத்தில்தான் வெறுத்துப்போய்விடுகிறார்கள். இடைவெளியில் திணித்து வைத்துவிட்டு இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். திரும்பி வரும்போது, சொன்ன பேச்சைக் கேட்கும். தண்ணீரிலோ கொஞ்சம் வாசலினிலோ கருவியைத் தொட்டுக்கொண்டே இருங்கள். கருவி எப்போதும் ஈரமாக இருந்தால் புட்டி அதனோடு வராது. கருவி என்றால் பல்குச்சி, தையல் ஊசி, பிறகு ஒரு சிலிக்கோன் முனைக் கருவி போதும்.

கழுத்துப் பகுதியில் அடைக்கும்போது ஒரு குறுக்குவழி உண்டு. வழவழப்பாக்க முயலாதீர்கள், எதையாவது ஆக்குங்கள். ஊசியால் சின்னச் சின்னக் கோடுகள் கீறினால் அது ரோமம்; ஒரு பட்டையாகச் சுற்றி இரண்டு மடிப்பு வைத்தால் அது கழுத்துத் துணி. ஒட்டு மறைந்துவிடும், ஃப்ராஸ்ட்கிரேவ் கதை நடக்கும் பனி நகரத்தின் குளிருக்கும் பொருத்தமாக இருக்கும்.

எங்கள் ஊரில் கிரீன் ஸ்டஃப் கிடைக்கவில்லை. எம்-சீல் போதுமா?

குழாய் ஒழுகினால் அடைக்கும் அதே எம்-சீலும் எபாக்சி புட்டிதான். அடித்தளத்தில் பாறை, மரவேர், கல்தளம் செய்ய அருமை; இறுகிய பிறகு உப்புத்தாளில் நன்றாகத் தேயும், கிரீன் ஸ்டஃப்புக்கு அது வராது. ஆனால் மெல்லியதாகப் பரப்பினால் உடையும், நுணுக்கமான மடிப்பு நிற்காது, சீக்கிரம் இறுகிவிடும், அதனால் சிறிது சிறிதாகக் கலக்கிக்கொள்ளுங்கள். முகம், விரல், ரோமத்துக்கு மட்டும் கிரீன் ஸ்டஃப்புக்குக் காத்திருங்கள். இரண்டுக்கும் நடுவில் வேல்ஸ் நாட்டில் தயாராகும் மில்லிபுட் என்ற எபாக்சி புட்டி இருக்கிறது. தண்ணீர் தொட்டு விரலால் வழித்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பாகும்.

எதைப் பிசைந்தாலும் கையுறை போடுங்கள். எபாக்சி சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும், அது ஒருமுறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும்.

மேலங்கி செய்ய புட்டி இல்லாமல் வழி உண்டா?

உண்டு. டிஷ்யூ பேப்பரை ஒற்றை அடுக்காகப் பிரித்து, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்து, தோளில் போர்த்தி, ஈரமான பிரஷ்ஷால் மடிப்பை இழுத்து விடுங்கள். துணி விழுவது போலவே விழும். காய்ந்த பிறகு ஓரத்தில் சூப்பர் குளூ ஓடவிட்டால் விறைப்பாகிவிடும். காற்றில் பறப்பது போல வேண்டுமானால் காயும்வரை அடியில் ஒரு பல்குச்சியை முட்டுக்கொடுங்கள்.

பின்னிங், அதாவது உள்ளே கம்பி வைத்து இணைப்பது, எப்போது கட்டாயம்?

உலோகத்துக்கு எப்போதும். ரெசினில் பாரம் தாங்கும் இடங்களுக்கு. பிளாஸ்டிக்கில் ஒற்றைக் காலில் நிற்கும் உருவத்துக்கு மட்டும். சூப்பர் குளூ நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் பட்டென்று விட்டுவிடும். அந்தத் தட்டைத் தாங்கவே உள்ளே கம்பி. பேப்பர் கிளிப் போதும். இரண்டு துளையும் நேருக்கு நேர் அமையாததுதான் எல்லோருக்கும் வரும் சிக்கல். ஒரு பாகத்தில் துளை போட்டு, விளிம்பில் ஒரு பொட்டு பெயின்ட் வைத்து, மற்ற பாகத்தை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். பொட்டு பதிந்த இடத்தில் இரண்டாவது துளை.

வெவ்வேறு நிறுவனத்தின் பாகங்கள் சேருமா?

பெட்டியில் 28 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். வார்ஹாமர் விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்ஷாப்பின் உருவங்களில் தலையும் கையும் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். ஹீரோயிக் ஸ்கேல் என்பார்கள். வரலாற்று விளையாட்டுகளுக்கு வரும் பல உருவங்கள் உண்மையான மனித விகிதத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஒன்றின் தலையை மற்றதில் வைத்தால் பூசணிக்காய் தூக்கி வைத்த மாதிரி தெரியும். ஆயுதம், கேடயம், மூட்டை ஆகியவற்றைத் தாராளமாகக் கலக்கலாம். தலையும் கையும் ஒரே கிட்டிலிருந்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, ஏனென்றால் முகமும் முஷ்டியும் ஒரே அளவில் இருந்தாலே கண் ஏற்றுக்கொள்ளும்.

தவறாக வெட்டிவிட்டால்?

ஒட்டலாம். பாலிஸ்டைரீனில் சரி செய்ய முடியாத வெட்டு மிகக் குறைவு. அந்தப் பயம் இருந்தால் எலும்புக்கூடுகளில் பழகுங்கள்; உடைந்த விலா எலும்பும் காணாமல்போன கையும் அவற்றுக்கு இயல்புதான். அழுகிய பிணங்களும் அப்படியே, கோணல்மாணலான புட்டி அங்கே சதை மாதிரியே இருக்கும்.

ஒட்டி முடித்தபோது நன்றாக இருந்தது. பெயின்ட் அடித்ததும் கோடு தெரிகிறது!

சாம்பல் பிளாஸ்டிக், பச்சைப் புட்டி, செம்புக் கம்பி என்று பல நிறம் இருக்கும்போது கண் ஏமாறும். முதலில் பெயின்ட்டுக்கு அடிப்பூச்சான பிரைமரைச் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு அடியுங்கள். எல்லாம் ஒரே நிறமானதும் இடைவெளி, மோல்ட் லைன், விரல்ரேகை எல்லாம் வெளியே வந்துவிடும். அவற்றைச் சரிசெய்து மறுபடி பிரைமர். மோல்ட் லைன் என்பது அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் வரும் மெல்லிய வரம்பு; கத்தி முதுகால் சுரண்டினால் போய்விடும்.

பாதுகாப்பு விஷயத்தில் கட்டாயம் தெரிய வேண்டியது?

ரெசினை உலர்வாகத் தேய்க்காதீர்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தூசிக்கான நல்ல மாஸ்க் போடுங்கள். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய பழைய உலோக மினிகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை அரம் போட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். சூப்பர் குளூ பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறிப் புகையும், தோலைச் சுடும். சட்டையில் கொட்டினால் உடனே கழற்றுங்கள். பிளாஸ்டிக் சிமென்டுக்கு ஜன்னல் திறந்திருக்கட்டும். கத்தி எப்போதும் உங்களுக்கு எதிர்த் திசையில் போக வேண்டும்.

மாற்றிய உருவத்தை வைத்துப் போட்டியில் ஆட விடுவார்களா?

ஃப்ராஸ்ட்கிரேவில் யாரும் கேட்கமாட்டார்கள். வார்ஹாமர் போட்டிகளில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள்: அடித்தளத்தின் அளவு விதிப்படி இருக்க வேண்டும், கையில் தெரியும் ஆயுதமும் நீங்கள் கொடுத்த அணிப் பட்டியலில் உள்ள ஆயுதமும் ஒன்றாக இருக்க வேண்டும். நாட்டிங்ஹாமில் கேம்ஸ் வொர்க்ஷாப் தானே நடத்தும் நிகழ்வுகளில் அவர்களுடைய உருவங்கள்தான் அனுமதி. எங்கே ஆடினாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு இவன் வில்லாளி, இவள் மந்திரவாதி என்று பார்த்ததும் புரிய வேண்டும், அது மரியாதை.

யாருடைய வேலையைப் பார்க்கலாம்?

ஜான் பிளாஞ்ச். கேம்ஸ் வொர்க்ஷாப்பில் நெடுங்காலம் ஓவியராக இருந்தவர். அவர்களுடைய வொயிட் டுவார்ஃப் இதழில் பிளாஞ்சிட்சு என்ற பகுதி அவர் பெயரில்தான் வந்தது. பழுப்பும் துருச் சிவப்புமாக, பல கிட்களின் பாகங்கள் சேர்ந்து அழுக்கும் பக்தியுமாக நிற்கும் ஆட்கள் அவருடையவர்கள். வழவழப்பான வேலை வேண்டுமென்றால் 1987-இல் தொடங்கிய கோல்டன் டீமன் என்ற மினியேச்சர் பெயின்ட்டிங் போட்டியில் வென்ற உருவங்களைப் பாருங்கள். முதலில் பிளாஞ்ச், பிறகு கோல்டன் டீமன் என்பது என் கருத்து. முன்னதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், பின்னதை முதலில் பார்த்தால் சிலருக்குக் கை நின்றுவிடும்.

ஒரு கேடயம் மிகவும் பிடித்திருக்கிறது. நகல் எடுக்கலாமா?

சுடுதண்ணீரில் இளகும் அச்சுப் பட்டைகள் கிடைக்கின்றன. அதை இளக்கிக் கேடயத்தின்மேல் அழுத்தி, ஆறியதும் உள்ளே புட்டி திணித்தால் நகல் வந்துவிடும். நீங்களே செய்த பாகத்துக்கு இதைப் பயன்படுத்துங்கள். அடுத்தவர் சிற்பத்தை நகலெடுத்து விற்பது திருட்டு. சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு அது பெரிய அடி.

வெட்டியது போக மிஞ்சிய பாகங்களை என்ன செய்வது?

எதையும் எறியாதீர்கள். மாத்திரை டப்பா மாதிரி அறை அறையாக இருக்கும் பெட்டியில் தலை, கை, ஆயுதம், மூட்டை என்று பிரித்து வையுங்கள். வெற்று ஸ்ப்ரூவையும் வையுங்கள்: நறுக்கினால் அடித்தளத்துக்கு இடிந்த செங்கல், மெழுகுவத்திச் சூட்டில் காட்டி இழுத்தால் நூல் மாதிரி கம்பி. பொடியாக நறுக்கி, பாதி தீர்ந்த பிளாஸ்டிக் சிமென்ட் பாட்டிலில் போட்டு ஒரு நாள் விட்டால் கரைந்து கூழாகும். மெல்லிய இடைவெளிகளில் அதைப் பிரஷ்ஷால் தடவி, ஓர் இரவு காயவிட்டு, கத்தியால் சீவிவிடுங்கள். அதுவும் அதே பிளாஸ்டிக் என்பதால் ஒட்டிய இடமே தெரியாது.